போக்குவரத்துக் கல்வி பிறந்த கதை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பாடசாலை அதிபரின் அறைக்குப் பெற்றோர் பலர் வருவர். பல்கலைக்கழக அனுமதி பெறத்தக்க பிள்ளையின் பெற்றோர் மலர்ந்த முகத்துடன் வருவர். ஏனையோர் கவலையுடன் வருவர். அவ்வாறு கவலையுடன் வந்த தாயார் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கேட்ட கேள்வியே இன்றைய பேச்சுக்குத் தூண்டுகோலாயிற்று. அவருடைய மகனைத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றிலே போக்குவரத்தும் லொஜிஸ்டிக்சும் என்னும் பாடநெறிக்கு விண்ணப்பிக்குமாறு நான் கூறியிருந்தேன். "சேர், மூட்டை ஏத்தி இறக்கிறதைப் படிக்கிறதுக்கும் ஒரு கல்லூரியோ?" என்றார் அந்த அம்மையார்.

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. மனம் நொந்து கேட்டார். வைத்தியமும் பொறியியலும் சட்டமுமே கல்வி என்று எண்ணிப் பழகிய சமுதாயத்திலே அக்கேள்வி எழுவது இயல்பே. அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவு தரவில்லை. வரலாற்று மாணவனாகிய நான் அக்கேள்வியை வரலாற்றிடமே கேட்டுப் பார்த்தேன். வரலாறு தந்த விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லொஜிஸ்டிக்ஸ் என்பது கடைத்தெருவிலே பிறந்த சொல் அன்று. பாசறையிலே வளர்ந்த சொல். பிரெஞ்சுப் படையிலே வீரர் தங்குவதற்கு இடம் வகுத்து, அணிகள் செல்லும் வழியையும் ஒழுங்குசெய்த அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய பதவிப் பெயரோடு தொடர்புபடுத்தியே, சுவிற்சர்லாந்திலே பிறந்து நெப்போலியனின் படையிலே பணியாற்றிய ஜொமினி என்பவர், 1838இல் வெளியிட்ட போர்க்கலை நூலில் இச்சொல்லை விளக்கினார். படையை நகர்த்தும் நடைமுறைக் கலை என்பதே அவர் கொண்ட பொருள். இன்றோ, எந்தப் பொருளையும் வேண்டிய இடத்துக்கு, வேண்டிய வேளையில், வேண்டிய அளவில், கெடாமல் கொண்டுசேர்க்கும் ஒழுங்கு முழுவதையும் அச்சொல் குறிக்கிறது.

பெயர் தோன்றிவிட்டது, கல்வி தோன்றவில்லை. கல்வி தோன்றுவதற்குப் பெருந்துன்பம் ஒன்று வேண்டியிருந்தது. 1854ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படை கருங்கடலின் கரையிலுள்ள கிரைமியாவில் இறங்கிற்று. செவஸ்தப்போல் என்னும் ருசியக் கோட்டையை முற்றுகையிட்ட அப்படைக்கு வேண்டிய பண்டங்கள் யாவும் பலக்கிளாவா என்னும் சிறு துறைமுகத்திலே வந்திறங்கின. துறைமுகத்துக்கும் பாசறைக்கும் இடையே இருந்த தூரம் ஏறக்குறைய ஏழு மைல் மாத்திரமே. அக்காலத்து வல்லரசுகளுள் முதன்மையானதாகக் கருதப்பட்ட ஒரு நாடு, ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து பண்டங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கடைசி ஏழு மைலைக் கடக்கத்தான் அதனால் இயலவில்லை.

நவம்பர் 14ஆந் திகதி வீசிய புயலிலே குளிராடைகளை ஏற்றிவந்த கப்பலும் அழிந்தது. மழை தொடர்ந்தது, பாதை சேறாயிற்று. தீவனம் இன்றிக் குதிரைகள் மாண்டன. குதிரைகள் மாண்டமையால் தீவனத்தைக் கொண்டுசெல்வதற்கும் வழியில்லாது போயிற்று. வறுக்காத பச்சைக் கோப்பிக் கொட்டைகள் போர்வீரருக்கு வழங்கப்பட்டன. வறுப்பதற்கு விறகும் இல்லை, அரைப்பதற்குக் கருவியும் இல்லை. ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோயால் வீரர் வாடினர். அந்நோய்க்கு மருந்தாகிய தேசிக்காய்ச் சாறு ஏறத்தாழ 20,000 இறாத்தல் அளவில் திசெம்பர் மாதத்திலே துறைமுகத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் பெப்ரவரி வரையில் அது வழங்கப்படவில்லை. காரணம் யாது? நாளாந்தப் பங்கீட்டிலே தேசிக்காய்ச் சாற்றைச் சேர்க்குமாறு கட்டளை இல்லையாம்! மருந்து களஞ்சியத்தில் இருந்தது. நோயாளி பாசறையில் இறந்தான்.

அப்போரிலே வாளுக்கும் குண்டுக்கும் இரையான பிரித்தானிய வீரரிலும் நோய்க்கு இரையானவரே மிகப் பலர். சேர் ஜோன் மக்நீல், கேணல் துல்லொக் ஆகிய இருவர் இந்த அவலத்தை நேரிலே ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தனர். பொருள் இல்லாமை வேறு. பொருள் வந்துசேராமை வேறு. பலக்கிளாவாவிலே நேர்ந்தவற்றிற் பெரும்பகுதி இரண்டாவதாகும். இந்த வேறுபாட்டை உணர்வதே போக்குவரத்துக் கல்வியின் அரிச்சுவடி எனலாம்.

முதற் பரிகாரம் கல்லூரியிலிருந்து வரவில்லை; தொழில் அறிந்தவரிடமிருந்து வந்தது. இங்கிலாந்திலே புகையிரதப் பாதைகளை அமைத்துப் பெயர்பெற்ற பீற்றோ, பிராசி, பெற்ஸ் என்போர் இலாபம் கருதாது ஆட்களையும் தண்டவாளங்களையும் அனுப்பினர். 1855 பெப்ரவரியில் தொடங்கிய வேலை ஏறக்குறைய ஏழு வாரங்களிலே பாதையைப் பாசறைக்கு அண்மையிற் கொண்டுசென்றது. தரைப் போக்குவரத்துக்கெனத் தனிப் படைப்பிரிவு ஒன்றும் அவ்வாண்டிலேயே உருவாக்கப்பட்டது. ஏற்றுவதும் இறக்குவதும் எவரும் செய்யத்தக்க வேலை என்ற எண்ணம் அன்று முதன்முறையாக அசைந்தது.

அசைந்த எண்ணம் விழுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. முதலாம் உலக மகாயுத்தத்திலே, 1916ஆம் ஆண்டு சொம் நதிப் போரின்போது, பிரான்சிலிருந்த பிரித்தானியப் படையின் பின்புறத்திலே அதே நெருக்கடி மீண்டது. துறைமுகங்களிற் சரக்குத் தேங்கிற்று. முன்னணியிலோ குண்டுகள் போதவில்லை. அவ்வேளை அழைக்கப்பட்டவர் படைத்தலைவர் அல்லர். எரிக் கெடிஸ் என்னும் புகையிரத உத்தியோகத்தர். இவர் இளமையில் அமெரிக்காவிலே கூலிவேலையும் புகையிரத வேலையும் பார்த்தவர். பின்னர் வட இந்தியாவிலே புகையிரதப் போக்குவரத்தை மேற்பார்வை செய்தவர். இங்கிலாந்து திரும்பி வடகிழக்குப் புகையிரதக் கம்பனியில் உயர்ந்தவர். அக்கம்பனி, பட்டதாரி இளைஞரைச் சேர்த்துப் போக்குவரத்து நிர்வாகத்திலே முறையாகப் பயிற்றுவித்த முன்னோடிகளுள் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

கெடிஸ் பிரான்சுக்குச் சென்று முதலிற் செய்த வேலை எண்ணுவதே. எத்தனை தொன் வருகிறது, எத்தனை தொன் இறங்குகிறது, எத்தனை தொன் முன்னணியைச் சேருகிறது என்று கணக்கெடுத்தார். துறைமுகம், புகையிரதம், வீதி, சிற்றிரும்புப் பாதை ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கொண்டு ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைத்தார். யுத்தம் முடிந்ததும், 1919இலே, பிரித்தானியாவின் முதலாவது போக்குவரத்து அமைச்சரானார். அதே ஆண்டிலே இலண்டனில் நிறுவப்பட்ட போக்குவரத்துக் கழகத்தின் முதலாவது தலைவரும் அவரே. பரீட்சை வைத்துத் தகைமை வழங்கிய அக்கழகம் 1926இல் அரச பட்டயம் பெற்றது. வைத்தியரைப் போலவும் கணக்காளரைப் போலவும் போக்குவரத்தாளரும் கற்றுத் தேறிய தொழிலினர் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது. அதன் வழிவந்த கழகம் இன்று இலங்கையிலும் கிளை கொண்டு இயங்குகிறது.

இதற்கு முன்னரே இக்கல்வியைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றிய ஒருவரையும் நினைவுகூர வேண்டும். 1895இல் நிறுவப்பட்ட இலண்டன் பொருளியற் கல்லூரியிலே சேர் வில்லியம் அக்வேத் புகையிரதப் பொருளியல் கற்பித்தார். 1920இலும் 1921இலும் இந்தியப் புகையிரதங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

ஐரோப்பாவிலே போர்க்களம் ஆசானாயிற்று என்றால், நமது இலங்கையிலே கோப்பித் தோட்டம் ஆசானாயிற்று எனலாம். பழங்காலத்திலே கண்டி நாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளின் முதுகிலேயே சென்றன. தவளம் எனப்பட்ட அந்த மாட்டு வரிசையை நடத்தியவர்கள் எந்த ஆற்றை எந்த மாதத்திற் கடக்கலாம், எந்தக் கணவாயில் எத்தனை நாள் தங்கலாம் என்பனவற்றைத் தந்தையிடமிருந்து மகன் கேட்டு அறிந்தனர். அதுவும் கல்வியே, ஏட்டில் எழுதப்படாத கல்வி.

தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820இல் கொழும்பு–கண்டி வீதி தொடங்கப்பட்டது. பின்னர் கோப்பிப் பயிர் பரவியபோது, கோப்பி மலையிலிருந்து இறங்கவும், தோட்டத் தொழிலாளருக்கு இந்தியாவிலிருந்து வந்த அரிசி மலைக்கு ஏறவும் மாட்டுவண்டியே துணையாயிற்று. நல்ல காலத்தில் நாட்கணக்கிலும் மாரியில் வாரக்கணக்கிலும் அப்பயணம் நீண்டது. வண்டி தாமதித்தால் இரு முனையிலும் நட்டம்: கொழும்பிலே கப்பல் காத்திருக்கும், மலையிலே அரிசிப்பானை காத்திருக்கும். இந்நெருக்கடியே புகையிரதத்தை இங்கு அழைத்தது. 1864 திசெம்பர் 27ஆந் திகதி முதலாவது புகைவண்டி அம்பேபுசை வரையில் ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. 1905இல் யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்தது. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது.

புகையிரதம் வந்ததும் கண்டி வீதியிலே நெடுந்தூர வண்டித் தொழில் தளர்ந்தது. வண்டிகள் கிளைப்பாதைகளுக்கு ஒதுங்கின. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வண்டிக்காரரின் அறிவு ஓரிரு பத்தாண்டுகளிலே விலைபோகாததாயிற்று. அதற்குப் பதிலாகப் புதிய அறிவொன்று வேண்டப்பட்டது. ஒற்றைத் தண்டவாளத்திலே எதிரெதிராக வரும் வண்டிகள் மோதாதிருத்தல் எங்ஙனம்? அடுத்த நிலையம் சம்மதித்த பின்னரே சாரதியின் கையில் உரிய அடையாளத் தட்டு கொடுக்கப்படும். அத்தட்டு இன்றி வண்டி புறப்படலாகாது. இத்தகைய ஒழுங்கைக் காக்கும் நிலையத் தலைவரையும் எம்மைப் போலவே அதிபர் என்று தமிழிலே அழைக்கிறோம். அப்பெயர் அவருக்கு மிகவும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். எங்கள் பிழை பரீட்சைத் தாளிலே தெரியும், அவருடைய பிழை உயிர்களிலே தெரியும்.

1893இலே கொழும்பு மருதானையில் அரசினர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றியது. ஆயினும், இயந்திரத்தையும் வீதியையும் அமைக்கக் கற்பித்த நாடு, அவற்றின் மேல் ஆட்களையும் பண்டங்களையும் நகர்த்தும் ஒழுங்கை நெடுங்காலம் தனிப் பாடமாகக் கொள்ளவில்லை. இதனாலான நட்டம் பஸ் சேவையிலே தெளிவாயிற்று. சிறியனவும் பெரியனவுமாகிய தனியார் கம்பனிகள் இலாபம் உள்ள பாதைகளிலே போட்டியிட்டு ஓடின; பயணிகள் குறைந்த கிராமங்கள் காத்திருந்தன. 1948இல் இரத்தினம் அறிக்கையும் 1954இல் சன்சோனி அறிக்கையும் இச்சேவையை ஆராய்ந்தன. 1958 சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொழிற்படத் தொடங்கிற்று.

சபைக்குப் பஸ் வண்டிகள் இருந்தன. அவற்றைப் பேணத் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன. எனவே 1959ஆம் ஆண்டளவில் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் வெரஹெரவிலே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் மொறட்டுவைக்கு மாறிய அந்நிலையமே இன்று யாவரும் "ஜேர்மன் ரெக்" என வழங்கும் இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம். வண்டியை வாங்குவதோடு கடமை முடியவில்லை, வண்டியைப் பேணும் மனிதனையும் உருவாக்க வேண்டும் என்ற உண்மைக்கு அதனிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. வடபகுதியிலும் அதே நாட்டின் உதவியுடன் 2016இற் கிளிநொச்சி அறிவியல் நகரிலே பயிற்சி நிறுவகம் ஒன்று திறக்கப்பட்டது.

இதற்கிடையில் உலகக் கடல் வாணிகத்தையே புரட்டிய நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. லொறி உரிமையாளராகிய மல்கம் மக்லீன், 1956 ஏப்பிரில் 26ஆந் திகதி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல் அடுக்கி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றினால் ஒரு தொன்னுக்கு 5 டொலர் 83 சதம் செலவாகும் எனவும், பெட்டியாக ஏற்றினால் 16 சதத்துக்கும் குறைவே எனவும் அக்காலத்திற் கணக்கிட்டனர். பெட்டி வென்றது. 1980களிலே கொழும்புத் துறைமுகத்திலும் கொள்கலன் முனையங்கள் எழுந்தன. தென்னாசியாவின் முக்கியமான கப்பல்மாற்றுத் துறைமுகமாகக் கொழும்பு வளர்ந்தது.

கொள்கலன் பரவிய துறைமுகங்களிலெல்லாம் தலையிலும் தோளிலும் மூட்டை சுமந்தவர்களுக்கு வேலை சுருங்கிற்று. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். உழைப்பிலே எவருக்கும் இளைத்தவர்களும் அல்லர். முறை மாறியபோது புதிய முறையைக் கற்பதற்கான வாய்ப்பு அவர்களிற் பலருக்குக் கிடைக்கவில்லை. பாரந்தூக்கியை இயக்குபவன், எந்தப் பெட்டி கப்பலின் எந்த அடுக்கில் இருக்கவேண்டும் என வரைபவன், சுங்கப் பத்திரம் தயாரிப்பவன் ஆகியோருக்கு வேலை பெருகிற்று. கண்டி வீதி வண்டிக்காரருக்கு நேர்ந்ததே ஒரு நூற்றாண்டின் பின்னர் துறைமுகத் தொழிலாளருக்கும் நேர்ந்தது. முறை மாறும்போது கற்றவன் அதனோடு மாறுகிறான். கற்க இடம் கிடைக்காதவன் கரையில் விடப்படுகிறான். தொழிற்கல்லூரி ஒன்றின் பயன் இதுவே என்பேன்.

நேயர்களே, வடக்கிலே வாழ்ந்த எமக்கு இப்பாடத்தைப் பிறநாட்டு வரலாறு கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது. 2014 ஒக்தோபரிலேயே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் நெடுஞ்சாலை பல காலம் மூடிக்கிடந்தது. கப்பலே கதியாயிருந்த காலங்களும் உண்டு. அத்தடை போரினால் வந்தது; கல்விக் குறையினால் வந்ததன்று. ஆயினும் வந்த சிறிதளவு பண்டம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். சங்கக்கடையிலே குடும்ப அட்டையைப் பார்த்து, ஆட்களை எண்ணி, அரிசியும் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்த முகாமையாளர் ஒருவரை நான் அறிவேன். முதலில் வந்த மூட்டையை முதலிலே பிரிப்பார். ஈரம் பட்ட மூட்டையை வேறாக்குவார். இரவு விளக்கொளியிலே இருப்பைக் கணக்கேட்டோடு ஒப்பிடுவார். கணக்குப் பிழைத்தால் வரிசையின் கடைசியில் நிற்கும் குடும்பம் வெறும் பையுடன் திரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். லொஜிஸ்டிக்ஸ் என்ற சொல்லை அவர் கேட்டிருக்கவே மாட்டார். அவர் செய்தது அதுவே.

2022இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நியச் செலாவணி இன்மையே அப்பஞ்சத்தின் வேர். எனினும் அவ்வாண்டு யூலை மாதத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த அளவு குறித்து அனுமதிக் குறியீடு அறிமுகப்படுத்தப்பட்ட பின்னர், வரிசைகள் படிப்படியாகக் குறுகின. இருப்பது சிறிதாயினும் ஒழுங்கு இருந்தால் அது பலருக்கு எட்டும்.

இன்று இக்கல்விக்கு நமது நாட்டிலே படிகள் அமைந்துள்ளன. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஒழுங்குபடுத்த வழிசெய்தது. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. தொழிற்கல்வி வழியாக வந்தோரும் பட்டம் பெறுவதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே போக்குவரத்துக்கும் லொஜிஸ்டிக்சுக்கும் தனித்துறை உண்டு. ஆகவே தொழில்நுட்பக் கல்லூரியின் வாயில் வழி மூடிய முற்றம் அன்று. மேலே செல்லும் படிக்கட்டு அதனுள்ளே இருக்கிறது.

அந்தத் தாயாரின் மகன் கல்லூரியிற் சேர்ந்தான். முதல் விடுமுறையிலே என்னைக் காண வந்தபோது, என்ன படித்தாய் என வினவினேன். "கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும், சேர்" என்றான். சிறிய வாக்கியந்தான். ஆனால், லொறி புறப்படும் முன்னரே அது செல்லும் பாதை முழுவதையும், நிற்கும் கடைகள் அனைத்தையும், ஒவ்வொரு கடையிலும் இறங்கும் பொதிகளையும் மனத்திலே கண்டவனால் மாத்திரமே அவ்வாறு ஏற்ற முடியும். மருந்துகளைக் களஞ்சியத்தில் அடுக்கும்போது முன்னதாகக் காலாவதியாவது முன்னே இருக்கவேண்டும் என்பதையும் அவன் சொன்னான். பலக்கிளாவாவின் தேசிக்காய்ச் சாறு அப்போது என் நினைவுக்கு வந்தது.

மூட்டையை ஏற்றி இறக்கக் கல்லூரி வேண்டுமோ என்று அந்த அம்மையார் கேட்டார். தோளுக்குக் கல்லூரி வேண்டியதில்லை, அம்மா. எந்த மூட்டை, எந்த வேளை, எவருடைய வாசலுக்கு என்று அறிவதற்குக் கல்லூரி வேண்டும். அதை அறியாதவர் கையிலே களஞ்சியம் நிறைந்திருந்தும் மனிதர் இறந்தனர். அதை அறிந்த ஒருவர் கையிலே அரைகுறைக் களஞ்சியமும் ஓர் ஊரின் அடுப்பை எரியவைத்தது. உங்கள் பிள்ளை அக்கல்வியைத் தேர்ந்தால் தலைகுனிய வேண்டாம் என்று கேட்டு அமைகின்றேன்.